முதல் எபிசோடில் இருந்தவர் எங்கே போனார்? சிட்காம் பைலட்டுக்குப் பிறகு நடப்பவை

தமிழ் சீரியல் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு வசதி உண்டு. ஒரு நடிகர் விலகி இன்னொருவர் வந்தால் "இவருக்குப் பதில் இவர்" என்று திரையிலேயே போட்டுவிடுவார்கள். புது மருமகள் அதே வீட்டில், அதே பூஜை அறை முன்னால் நின்று, முந்தையவர் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்குவார். இரண்டு மூன்று நாள் ஒட்டாது, அப்புறம் பழகிவிடும்.

அமெரிக்க சிட்காம்களில், அதாவது அரை மணி நேர நகைச்சுவைத் தொடர்களில், இந்த அறிவிப்பு கிடையாது. அதனால் ஓடிடியில் அவற்றைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் ஆரம்பத்திலேயே குழம்புகிறார்கள். முதல் எபிசோடில் பெரிதாக அறிமுகமான ஒருவர் இரண்டாவதில் இல்லை. எதிர்வீட்டுக்காரரின் பெயர் வேறு. வீட்டு எண் வேறு. முகப்பு இசைகூட வேறு. தரமணியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் 'சைன்ஃபெல்ட்' பார்க்கத் தொடங்கியபோது என்னிடம் கேட்டான்: "மாமா, ரெண்டாவது எபிசோட் வேற சீரியல் மாதிரி இருக்கே, நடுவுல நான் எதையாவது விட்டுட்டேனா?"

அவன் எதையும் விடவில்லை. கையில் இருக்கும் ஃபோனில் அந்த இரண்டு எபிசோடும் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஆனால் முதலாவது ஒளிபரப்பானது 1989 ஜூலை 5 அன்று. இரண்டாவது ஒளிபரப்பானது 1990 மே 31 அன்று. கிட்டத்தட்ட பதினொரு மாத இடைவெளி. அந்த இடைவெளியில் தொடரின் பெயர், ஆட்கள், இசை எல்லாம் மாறின. இப்படி ஒரு இடைவெளி ஏன் வருகிறது, அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் சிட்காம் பார்ப்பதே இன்னும் சுவையாகிவிடும்.

விற்பதற்காக எடுக்கும் எபிசோட்

பைலட் என்பது தொடரின் முதல் எபிசோடாக ஒளிபரப்பாகலாம். ஆனால் அது முதலில் எடுக்கப்படுவது பார்வையாளர்களுக்காக அல்ல. "இந்தத் தொடரை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சேனலிடம் காட்டுவதற்காக எடுக்கும் மாதிரி அது.

அமெரிக்காவின் பெரிய சேனல்களில் பல பத்தாண்டுகள் இதற்கு ஒரு கால அட்டவணை இருந்தது. வருடத்தின் பிற்பாதியில் எழுத்தாளர்கள் கதை சொல்வார்கள். சேனல் சிலவற்றுக்குத் திரைக்கதை எழுதச் சொல்லும். அதில் தேறியவை வருடத் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் வரையிலான மாதங்களில் பைலட்டாகப் படமாகும். மே மாதம் எது தொடராகும், எது குப்பைக்குப் போகும் என்று அறிவிப்பார்கள். தேர்வான தொடருக்கு ஜூன் வாக்கில் எழுத்தாளர்கள் கூடுவார்கள், ஆகஸ்டில் படப்பிடிப்பு, செப்டம்பரில் ஒளிபரப்பு. ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட பைலட்டுக்கும் அடுத்த எபிசோடின் படப்பிடிப்புக்கும் நடுவே பல மாதங்கள் ஓடியிருக்கும். எடுக்கும் பைலட்டுகளில் பெரும்பாலானவை தொடராவதே இல்லை. அதனால் பைலட்டில் வேலை செய்கிற யாருக்கும் அடுத்த எபிசோட் என்று ஒன்று இருக்கும் என்ற உறுதி கிடையாது.

நம் ஊருக்கும் பைலட் புதிதல்ல. தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலத்தில் தயாரிப்பாளர்கள் ஒரு பைலட்டைக் கொடுத்து, அது ஏற்கப்பட்டால் 13 வாரம் என்ற கணக்கில் தொடர் எடுத்தார்கள். பிறகு தினமும் ஓடும் மெகா சீரியல்கள் வந்தபோது வேலை செய்யும் முறையே மாறிப்போனது. இன்று வளசரவாக்கத்திலோ சாலிகிராமத்திலோ எடுக்கும் காட்சி சில நாட்களில் வீட்டு டிவியில் வந்துவிடுகிறது. நின்று யோசித்து, பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எடுக்க அங்கே நேரம் இல்லை. மாற்றம் தேவைப்பட்டால் ஓடும்போதே மாற்ற வேண்டும். நமக்கு "இவருக்குப் பதில் இவர்" தேவைப்படுவதும் அமெரிக்கர்களுக்குத் தேவைப்படாததும் இதனால்தான்.

சைன்ஃபெல்ட்: பதினொரு மாதத்தில் மாறியவை

அக்கா மகனைக் குழப்பிய தொடரையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மாறக்கூடிய எல்லாமே அதில் மாறியிருக்கிறது.

பைலட்டின்போது தொடரின் பெயர் 'தி சைன்ஃபெல்ட் கிரானிக்கிள்ஸ்'. வேறொரு சேனலில் 'தி மார்ஷல் கிரானிக்கிள்ஸ்' என்று ஒரு தொடர் வந்ததால் வால் வெட்டப்பட்டு வெறும் 'சைன்ஃபெல்ட்' ஆனது. கதாநாயகன் ஜெர்ரியின் எதிர்வீட்டுக்காரர் கிரேமர் பைலட்டில் கெஸ்லர். எழுதியவர்களில் ஒருவரான லாரி டேவிடுக்கு கிரேமர் என்ற பெயரில் நிஜமாகவே ஓர் எதிர்வீட்டுக்காரர் இருந்தார். அந்தப் பெயரைப் பயன்படுத்தும் விஷயம் தீராததால் முதலில் வேறு பெயர் வைத்தார்கள், பிறகுதான் கிரேமர் வந்தார். பல வருடம் கழித்து, ஒன்பதாவது சீசனில், பின்னோக்கிச் செல்லும் ஓர் எபிசோடில் "கெஸ்லர் என்பது அழைப்பு மணியில் எழுதியிருக்கும் பெயர்" என்று ஒரு வசனம் வைத்து அந்தப் பழைய முரண்பாட்டுக்குக் கதைக்குள்ளேயே காரணம் கொடுத்தார்கள். இந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எட்டு வருடம் முன்னால் விட்ட ஓர் ஓட்டையை யாரோ ஞாபகம் வைத்திருந்து அடைத்திருக்கிறார்கள்.

பெயரைவிட முக்கியமானது அவருடைய நடத்தை. பைலட்டில் அந்த மனிதர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார். அவரிடம் ஒரு நாய் இருக்கிறது. பத்து வருடமாகக் கட்டடத்தை விட்டு வெளியே போகாதவர் என்று ஒரு வசனமும் உண்டு. பின்னால் வரும் கிரேமரைத் தெரிந்தவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயம். தட்டாமல் கதவைத் தள்ளிக்கொண்டு சறுக்கியபடி வருவதுதான் அவர் அடையாளம். ஊர் முழுக்க அலைந்து தினம் ஒரு புதுத் தொழில் யோசனையோடு திரும்புவதுதான் அவர் கதை. எழுதும்போது அவர் ஒதுங்கி வாழும் விசித்திர மனிதர். மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்ற நடிகரின் உடம்பு என்னென்ன செய்யும் என்று பார்த்த பிறகு பாத்திரம் அந்த உடம்புக்கு ஏற்றபடி வளர்ந்தது.

ஜெர்ரியின் தோழி எலைன் பைலட்டில் கிடையவே கிடையாது. ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் கிளேர் என்ற பெண்தான் இருக்கிறார், லீ கார்லிங்டன் நடித்தது. நண்பர் கூட்டத்தில் ஒரு பெண் நிரந்தரமாக வேண்டும் என்று சேனல் சொன்னது. கிளேர் போனார், ஜூலியா லூயி-ட்ரைஃபஸ் எலைனாக வந்தார். சேனல் தலையிட்டாலே கெட்டுப்போகும் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். இங்கே சேனல் கேட்டது சரி. எலைன் இல்லாத 'சைன்ஃபெல்ட்' எப்படி இருக்கும் என்று பைலட்டைப் பார்த்தாலே தெரியும். ஜெர்ரியும் அவர் நண்பர் ஜார்ஜும் ஒரே குரலில் ஒரே சந்தேகத்தை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், மறுத்துப் பேச ஆள் இருக்காது.

இசையும் அப்படித்தான். இன்று எல்லோருக்கும் தெரிந்த, வாயால் சத்தம் எழுப்புவது போன்ற அந்த இசை ஜொனாதன் வூல்ஃப் போட்டது. பைலட் முதலில் ஒளிபரப்பானபோது அது இல்லை, வேறு இசை இருந்தது.

இவ்வளவும் நடந்தது இந்தத் தொடர் கிட்டத்தட்ட செத்துப்போன பிறகு. சோதனைப் பார்வையாளர்களுக்குக் காட்டியபோது பைலட்டுக்குக் கிடைத்த மதிப்பெண் மோசம். பலவீனமானது என்றே அறிக்கை வந்தது. நகைச்சுவைத் தொடர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு அதைக் கைவிட்டது. என்பிசி சேனலில் பின்னிரவு நிகழ்ச்சிகளைக் கவனித்த ரிக் லட்வின் என்பவர் தன் பிரிவின் பணத்தில் இன்னும் நான்கு எபிசோட் மட்டும் எடுக்கச் சொன்னார். முதல் சீசனில் மொத்தம் ஐந்தே எபிசோட் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆள் மாற்றம்: எல்லாம் நடிப்பு சரியில்லாததால் அல்ல

ஒருவர் பைலட்டில் இருந்து பிறகு காணாமல் போனால் உடனே "நடிப்பு சரியில்லை போல" என்று நினைக்கத் தோன்றும். பல சமயம் காரணம் தேதி.

ஒரு நடிகர் ஏற்கனவே ஒரு தொடருக்கு ஒப்பந்தமாகியிருக்கும்போது இன்னொரு பைலட்டிலும் நடிக்கலாம். முதல் தொடர் தொடர்ந்தால் அவர் அங்கே போயாக வேண்டும், இரண்டாவது தொடர் அவரை இழக்கும். 'ஃப்ரெண்ட்ஸ்' இந்த ஆபத்தை இரண்டு முறை தாண்டியது. ஜெனிஃபர் அனிஸ்டன் அப்போது சிபிஎஸ் சேனலில் வேறொரு தொடரில் இருந்தார். மேத்யூ பெர்ரி எதிர்காலத்து விமான நிலையத்தில் பெட்டி தூக்குபவர்களைப் பற்றிய ஒரு பைலட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டும் நிலைக்கவில்லை என்பதால்தான் ரேச்சலும் சாண்ட்லரும் நமக்குக் கிடைத்தார்கள். லிசா குட்ரோ கதை இதற்கு நேர் எதிர். 'ஃப்ரேசியர்' தொடரில் ராஸ் பாத்திரத்துக்குத் தேர்வாகி, பைலட் ஒத்திகையின்போது நீக்கப்பட்டவர் அவர். அந்த இடத்துக்கு பெரி கில்பின் வந்தார். அடுத்த வருடம் குட்ரோ 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் ஃபீபி ஆனார்.

'ஃபுல் ஹவுஸ்' இன்னும் தெளிவான உதாரணம். 1987-இல் அப்பா வேடத்துக்குத் தயாரிப்பாளர்கள் விரும்பியது பாப் சாகெட்டை. அவர் ஒரு காலை நிகழ்ச்சியில் மாட்டிக்கொண்டிருந்ததால் ஜான் போஸியை வைத்துப் பைலட்டை எடுத்தார்கள். பிறகு சாகெட் விடுபட்டு வந்தார், போஸி இருந்த காட்சிகளை அவரை வைத்து மறுபடி எடுத்தார்கள். ஒளிபரப்பில் போஸி இல்லவே இல்லை.

'30 ராக்' பைலட்டில் ஜென்னா பாத்திரத்தில் நடித்தவர் ரேச்சல் டிராட்ச். தொடருக்கு வந்தபோது அது ஜேன் கிராகோவ்ஸ்கியிடம் போனது. டிராட்ச் முதல் சீசனில் வேறு வேறு சின்ன வேடங்களில் வந்துபோனார்.

சில நேரம் ஆள் நன்றாக இருந்தும் அந்தப் பாத்திரத்துக்கே இடம் இருக்காது. 'தி கோல்டன் கேர்ள்ஸ்' 1985-இல் தொடங்கியபோது வயதான பெண்கள் வாழும் அந்த வீட்டில் கோகோ என்று ஒரு சமையல்காரர் இருந்தார். பாட்டியம்மா சோஃபியா எப்போதாவது வந்து போவதாகத்தான் திட்டம். எபிசோடுகளை எழுத உட்கார்ந்ததும் முக்கியமான பேச்செல்லாம் சமையலறையில்தான் நடக்கிறது என்று எழுத்தாளர்களுக்குப் புரிந்தது. அந்தப் பெண்கள் தாங்களே எதையாவது செய்து சாப்பிட்டபடி பேச வேண்டும், அங்கே நடுவில் ஒரு சமையல்காரர் நின்றால் அந்த நெருக்கம் உடையும். எஸ்டெல் கெட்டி நடித்த சோஃபியாவுக்கோ பார்த்தவர்களிடம் பலத்த வரவேற்பு. ஆக, கோகோ முதல் எபிசோடோடு போனார், சோஃபியா நான்காவது தூணாக நின்றார். நம் வீடுகளிலும் பெரிய விஷயங்கள் எங்கே பேசி முடிக்கப்படுகின்றன என்று யோசித்தால் அந்த எழுத்தாளர்களின் முடிவு எவ்வளவு நியாயம் என்று புரியும்.

செட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடராகுமா என்று தெரியாத ஒன்றுக்கு யாரும் முழுச் செலவு செய்து வீடு கட்ட மாட்டார்கள். பைலட் முடிந்ததும் செட்டைப் பிரித்துவிடுவார்கள். தொடர் உறுதியானதும் மறுபடி கட்டும்போது கதவு இடம் மாறும், ஜன்னல் பெரிதாகும், ஒரு அறை கூடும். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் மோனிகாவின் வீட்டு எண் ஆரம்பத்தில் 5, பிறகு 20. பால்கனியும் வெளியே தெரியும் காட்சியும் மேல்மாடியைக் காட்டும்போது எண் 5 பொருந்தாது என்று யாரோ கவனித்திருக்கிறார்கள்.

அறிமுகத்தின் சுமை

பைலட்டில் வசனங்கள் கொஞ்சம் செயற்கையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடத்துக்குள் யார் யாருக்கு என்ன உறவு, யார் என்ன வேலை, இவர்கள் ஏன் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அதனால் அக்கா தம்பியிடமே "நீ என் தம்பிதானே, அப்பா போய் ரெண்டு வருஷமாச்சு" என்கிற மாதிரி பேசுவார். புதிதாக ஒருவர் வந்து சேருவதாகக் கதையைத் தொடங்குவது பழைய உத்தி. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் கல்யாணக் கோலத்தில் ஓடிவரும் ரேச்சல், 'தி பிக் பேங் தியரி' தொடரில் எதிர்வீட்டுக்குக் குடிவரும் பென்னி இருவரும் நமக்காகத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு எல்லோரையும் அறிமுகப்படுத்தும் சாக்கில் நமக்கும் அறிமுகம் நடந்துவிடுகிறது.

கிரேஸி மோகன் நாடகங்களை நினைத்துப் பாருங்கள். மாது, சீனு, ஜானகி என்ற பெயர்கள் நாடகத்துக்கு நாடகம் திரும்ப வரும். திரை விலகி மாது பாலாஜி உள்ளே வந்ததும் சபாவில் சிரிப்பு தொடங்கிவிடும். அறிமுகத்துக்கு ஒரு நிமிடம்கூடச் செலவில்லை, நேராகச் சிக்கலுக்குள் போகலாம். சிட்காம் இந்த நிலைமையை அடைவது எட்டு, பத்து எபிசோடுக்குப் பிறகுதான். பைலட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சபா நாடகத்தோடு இன்னொரு ஒப்புமையும் உண்டு, அதுதான் இந்தக் கட்டுரையின் மையம் என்று சொல்வேன். தி.நகர் வாணி மஹாலிலோ ஆழ்வார்ப்பேட்டை நாரத கான சபாவிலோ ஒரே நகைச்சுவை நாடகத்தை இரண்டு மூன்று முறை பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் மேடையேற்றத்தில் இருந்தது அப்படியே இருக்காது. எந்த வரிக்குச் சிரிப்பு வந்தது, எங்கே மௌனம் விழுந்தது என்று கேட்டுக் கேட்டு வசனங்கள் வெட்டப்படும், சேரும், இடம் மாறும். நகைச்சுவையைத் தாளில் முழுதாகச் சோதிக்கவே முடியாது. எதிரே மனிதர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். சிட்காமின் பைலட் அந்த முதல் மேடையேற்றம். வித்தியாசம் ஒன்றுதான்: சபா நாடகத்தின் முதல் மேடையேற்றம் அன்றோடு கரைந்துபோகும், பைலட் பதிவாகி நிரந்தரமாக நின்றுவிடுகிறது.

கேலி யார் மேல்?

மேலே சொன்ன பெயர், ஆள், செட் மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிபவை. பைலட்டுக்கும் பின்வரும் எபிசோடுகளுக்கும் நடுவே பெரும்பாலும் திருத்தப்படுவது கண்ணுக்கு உடனே தெரியாத ஒன்று: இந்தப் பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பது. நல்ல எழுத்தாளர்கள்கூட முதல் முயற்சியில் இதைத் தவறவிடுகிறார்கள். சிரிக்க வைக்க வேண்டும் என்ற அவசரத்தில் கேலி கூடிவிடும், பாசம் குறைந்துவிடும்.

'தி பிக் பேங் தியரி' 2007 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் எடுத்து, ஒளிபரப்பாகாமலே போன ஒரு பைலட் அதற்கு உண்டு. ஷெல்டனும் லெனர்டும் அதில் இருக்கிறார்கள், ஜிம் பார்சன்ஸும் ஜானி கலெக்கியும்தான். அவர்களுடைய நண்பர்கள் ஹோவர்ட், ராஜ் கிடையாது. பென்னியும் கிடையாது. அவள் இடத்தில் கேட்டி என்ற பெண், நடித்தவர் அமாண்டா வால்ஷ். கேட்டி வாழ்க்கையில் அடிபட்டு முரடானவள். இந்த இரண்டு அப்பாவி விஞ்ஞானிகளையும் மட்டம் தட்டுகிறாள், தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறாள். சோதனைப் பார்வையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. காரணம் முக்கியமானது. அவர்கள் லெனர்டையும் ஷெல்டனையும் குழந்தைகளைப் போலப் பார்த்தார்கள், அவர்களை ஒருத்தி புண்படுத்துவதைத் தாங்க முடியவில்லை.

படைப்பாளிகளான சக் லாரியும் பில் பிராடியும் எதிர்பார்த்திராத செய்தி இது. பாத்திரங்கள் மேல் மக்களுக்கு அன்பு பிறந்துவிட்டது, ஆனால் தொடர் அந்த அன்புக்கு எதிராகப் போகிறது. சிபிஎஸ் சேனல் அந்தப் பைலட்டை ஏற்கவில்லை, ஆனால் மறுபடி ஒன்று எடுக்க வாய்ப்புக் கொடுத்தது. இப்படி இரண்டாவது வாய்ப்பு அபூர்வம். இம்முறை வந்த பென்னி வெகுளி, கலகலப்பானவள், அவர்களைப் புரியாவிட்டாலும் மதிப்பவள். நடித்த கேலி குவோகோ, முதல் முறை கேட்டி வேடத்துக்கு முயன்று வயது குறைவு என்று நிராகரிக்கப்பட்டவர். அந்த ஒரு பாத்திரத்தின் மனசு மாறியதில் தொடரின் தட்பவெப்பமே மாறியது. பிறகு 12 சீசன், 279 எபிசோட்.

'தி ஆஃபீஸ்' கதை இன்னும் நுட்பமானது, ஏனென்றால் அங்கே நடிகர்களோ பாத்திரங்களோ மாறவில்லை. 2005 மார்ச்சில் வந்த அமெரிக்க பைலட், அதே பெயரில் வந்த பிரிட்டிஷ் தொடரின் முதல் எபிசோடைக் கிட்டத்தட்ட வரிக்கு வரி பின்பற்றியது. அதில் அலுவலகத்தை நடத்தும் பிரிட்டிஷ் மேலாளர் சகிக்க முடியாதவர், அந்தச் சங்கடம்தான் அதன் நகைச்சுவை. ஸ்டீவ் கரெல் நடித்த மைக்கேல் ஸ்காட்டும் முதல் சீசனின் ஆறு எபிசோடுகளில் அப்படித்தான் இருக்கிறார். தலைமுடியைப் பின்னால் வாரி ஒட்டிக்கொண்டு, பார்க்கவே எரிச்சலாக இருப்பார். பிரிட்டிஷ் தொடர் சில எபிசோடுகளோடு முடிந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு சீசனுக்கே இருபதுக்கு மேல் எடுப்பார்கள். அத்தனை வாரம் நாம் வெறுக்கும் ஒரு மனிதரைப் பார்க்க வீட்டில் யார் உட்காருவார்கள்?

இரண்டாவது சீசனில் முடி மாறியது, உடை கொஞ்சம் திருந்தியது. அந்தக் கோடையில் கரெல் கதாநாயகனாக நடித்த ஒரு திரைப்படம் பெரிய வெற்றி பெற்றிருந்தது. அசட்டுத்தனத்துக்கு அடியில் இனிமையை வைத்து நடிக்க அவரால் முடியும் என்பது எழுத்தாளர்களுக்கு அதில் தெரிந்தது. இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில் மைக்கேல் ஓர் உணவகத்தில் ஊழியர்களுக்கு விருது கொடுக்கும் விழா நடத்துகிறார். ஊழியர்களுக்கு அது வருடா வருடம் வரும் தலைவலி. ஆனால் அங்கே சாப்பிட வந்த முன்பின் தெரியாத சிலர் அவரைக் கிண்டல் செய்து விரட்டப் பார்க்கும்போது, இதே ஊழியர்கள் கைதட்டி அவரைத் தொடரச் சொல்கிறார்கள். நாங்கள் திட்டுவோம், வெளியாள் திட்டக் கூடாது. இந்த உணர்வு நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் அமெரிக்க 'ஆஃபீஸ்' பிறந்தது அந்த நிமிடத்தில்தான், பைலட்டில் அல்ல.

அதே எழுத்தாளர் கூட்டத்திலிருந்து வந்த 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' 2009-இல் அதே தடுமாற்றத்தோடு தொடங்கியது. முதல் ஆறு எபிசோடுகளில் கதாநாயகி லெஸ்லி ஒன்றும் புரியாத அசடாகத் தெரிந்தாள், சக ஊழியர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணை உருட்டினார்கள். அடுத்த சீசனில் அவள் கிட்டத்தட்ட அதே பெண்தான். அதே ஆர்வக்கோளாறு, அதே ஓயாத வேலை. சுற்றி இருப்பவர்கள் அவளைப் பார்க்கும் பார்வையை மட்டும் மாற்றினார்கள். அவள் திறமைசாலி என்று அவர்களுக்குத் தெரியும், அவளுடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதே தொடரில் ஆண்டி பாத்திரம் சில எபிசோடோடு போக வேண்டியது. கிறிஸ் பிராட் நடித்ததைப் பார்த்த பிறகு அவரை விட மனசு வரவில்லை, நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

திட்டத்தை மீறி வளர்ந்தவர்கள், சொல்லாமல் போனவர்கள்

இப்படித் திட்டத்தை மீறி வளர்ந்தவர்களில் மிகப் பெரியவர் 'ஹேப்பி டேஸ்' ஃபான்ஸி. 1974-இல் தொடர் ஆரம்பித்தபோது ஹென்றி விங்க்ளர் நடித்த அந்த மோட்டார் சைக்கிள் இளைஞன் ஓரத்தில் நின்றவன். தோல் ஜாக்கெட் போட்டால் ரவுடி மாதிரி தெரியும் என்று ஏபிசி சேனல் பயந்தது. வண்டி ஓட்டும்போது பாதுகாப்புக்காகப் போடலாம் என்று ஒருவழியாக இறங்கி வந்தது. உடனே எழுத்தாளர்கள் காட்சிக்குக் காட்சி அவனை வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். கடைசியில் சேனல் விட்டுக்கொடுத்தது. அந்த ஜாக்கெட் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஃபான்ஸி வளர வளர கதாநாயகன் வீட்டின் மூத்த மகன் சக் சுருங்கினான். கதாநாயகனுக்கு அண்ணன் மாதிரி நின்று யோசனை சொல்லும் வேலையை ஃபான்ஸி எடுத்துக்கொண்ட பிறகு சொந்த அண்ணனுக்கு வேலை இல்லை. இரண்டாவது சீசனுக்குப் பிறகு அவன் வரவே இல்லை. எங்கே போனான் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. இப்படிச் சொல்லாமல் மறையும் பாத்திரங்களைத் தொலைக்காட்சி ரசிகர்கள் இன்றும் சக் கன்னிங்ஹாம் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். 'ஃபேமிலி மேட்டர்ஸ்' தொடரிலும் இதேதான் நடந்தது. ஒரே ஒரு எபிசோடுக்கு வந்த அடுத்த வீட்டுப் பையன் அர்க்கல் தொடரையே கைப்பற்றினான், அந்த வீட்டின் கடைசி மகள் ஜூடி காணாமல் போனாள்.

ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் இப்போது பெரும்பாலும் பைலட் இல்லாமல் முழு சீசனுக்கே நேராக அனுமதி கொடுக்கின்றன. 2013-இல் அமேசான் தன் பைலட்டுகளை மக்களுக்கே போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்டது, பிறகு அந்த வழக்கத்தையும் விட்டுவிட்டது. எட்டு எபிசோடையும் ஒன்றாக எழுதி ஒன்றாக எடுத்தால் வீட்டு எண் மாறாது, யாரும் காணாமல் போக மாட்டார்கள். ஆனால் பார்த்தவர்கள் சிரித்த இடத்தைக் கேட்டுத் திருத்தவும் அங்கே வாய்ப்பு இல்லை. கேட்டி மாதிரி ஒரு பாத்திரம் இன்று எழுதப்பட்டால் எட்டு எபிசோடும் அப்படியே வந்து, தொடரும் அதோடு நின்றுபோகும். எனக்கு இது நிஜமான இழப்பாகத்தான் தெரிகிறது.

சரி, புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் என்ன செய்யலாம்? 'தி ஆஃபீஸ்', 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' இரண்டையும் இரண்டாவது சீசனிலிருந்து தொடங்குங்கள், கதை புரியாமல் போகாது. 'சைன்ஃபெல்ட்' என்றால் மூன்றாவது சீசனில் ஏதாவது ஒன்று. 'ஃப்ரெண்ட்ஸ்', 'தி பிக் பேங் தியரி' இரண்டுக்கும் முதல் எபிசோடே சரியான வாசல், அவற்றின் அறிமுகம் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். மற்றவற்றில் ஒரு சீசன் பார்த்து ஆட்கள் பழகிய பிறகு பைலட்டுக்குத் திரும்புங்கள். முதல் தடவையே பார்த்திருந்தால் கெஸ்லர் கதவைத் தட்டியதை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.